ஒரு படத்துக்கு ஒரு மாதம்

2023ஆம் ஆண்டு முழுவதும் என் எழுதுமேசைக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது 1978ஆம் ஆண்டின் நாட்காட்டி. இரண்டு ஆண்டுகளும் ஞாயிற்றுக்கிழமையில் பிறந்தவை, இரண்டிலும் பிப்ரவரிக்கு 28 நாள்களே என்பதால், ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு கிழமைகூடப் பிசகவில்லை. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதைக் காட்சிகளை கிரெக் ஹில்டெபிராண்ட், டிம் ஹில்டெபிராண்ட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் தீட்டிய அந்த நாட்காட்டியைப் பழைய பிரதியாக வாங்கி, அதற்குரிய ஆண்டு மறுபடி வரும்வரை நான்கு ஆண்டுகள் உறைக்குள்ளேயே வைத்திருந்தேன். முந்தைய உரிமையாளர் ஏப்ரல் மாதத்தின் ஒரு கட்டத்தில் பென்சிலால் சிறியதொரு நட்சத்திரம் வரைந்திருந்தார். அது எதற்கான நட்சத்திரம் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. அந்த நாள் வந்தபோது அன்று முழுவதும் அவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கற்பனைக் கதை நூல்களை ஒட்டி வெளிவரும் சுவர் நாட்காட்டிகளைப் பலரும் வாசகர்களுக்கான நினைவுப்பொருளாகவே கருதுகிறார்கள். கோப்பை, சட்டை, சாவிக்கொத்து ஆகியவற்றின் வரிசையில் அதையும் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நூலுக்குள் இருக்கும் ஓவியத்தை வாசகர் சில நொடிகளே பார்க்கிறார், ஏனெனில் அடுத்த பக்கத்தில் கதை காத்திருக்கிறது. கண்காட்சியில் தொங்கும் ஓவியத்துக்கு முன்னால் சில நிமிடங்கள் நிற்கிறோம். நாட்காட்டியின் ஓவியமோ முப்பது நாள்கள் நம்மோடு ஒரே அறையில் குடியிருக்கிறது. காலையில் தேதி பார்க்கும்போதும், தொலைபேசியில் பேசிக்கொண்டே சுவரை வெறிக்கும்போதும், உறக்கம் வராத இரவிலும் அது கண்ணில் படுகிறது. முதல் வாரத்தில் நடுவிலிருக்கும் உருவத்தை மட்டும் பார்க்கிறோம். இரண்டாம் வாரத்தில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குகிறோம். மாதக் கடைசியில் மூலையில் கிடக்கும் ஒரு கல்லைக்கூட நன்கு அறிந்தவர்களாகிவிடுகிறோம். பிறகு தாள் புரள்கிறது, அந்த ஓவியம் மறைந்துவிடுகிறது. இந்த மறைவுதான் நாட்காட்டியின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன். டோல்கீனே எழுப்பிய ஓர் எதிர்ப்புக்கு அதில் ஒரு விடையும் இருக்கிறது.

தேவதைக் கதைகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில், ஓவியங்கள் தம்மளவில் எவ்வளவு சிறந்தவையாக இருந்தாலும் இத்தகைய கதைகளுக்கு அவற்றால் நன்மை குறைவு என்று அவர் எழுதினார். ‘மலை’ என்றோ ‘ஆறு’ என்றோ கதை சொல்லும்போது, கேட்பவர் ஒவ்வொருவரும் தாம் கண்ட மலைகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் தமக்கே உரிய ஒன்றை மனத்தில் உருவாக்கிக்கொள்கிறார். ஓவியமோ ஒரே ஒரு மலையைக் காட்டி மற்ற மலைகளை மூடிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வலுவான வாதம். ஒரு நூலோடு சேர்த்துத் தைக்கப்பட்ட ஓவியத்துக்கு அது முற்றிலும் பொருந்துகிறது. ஆனால் நாட்காட்டியின் ஓவியத்துக்கு ஆயுள் ஒரு மாதம், அந்த ஓவியருக்கு ஆயுள் ஓர் ஆண்டு. அடுத்த ஜனவரியில் வேறொருவர் வந்து அதே மலையை வேறு விதமாகத் தீட்டுகிறார். அரை நூற்றாண்டாக இப்படி மாறி மாறி வந்த மந்திரவாதி காண்டால்ஃபுகளில் எவரும் தாமே இறுதியானவர் என்று உரிமை கோர முடியாததால், வாசகரின் மனத்திலிருக்கும் காண்டால்ஃபுக்கும் அவர்களிடையே ஓர் இடம் மீந்திருக்கிறது.

அமெரிக்காவில் பாலன்டைன் பதிப்பகம் 1973ஆம் ஆண்டுக்கென டோல்கீன் நாட்காட்டியை வெளியிட்டது. டோல்கீன் மறைந்தது அந்த ஆண்டின் செப்டம்பர் 2ஆம் தேதி. தொடக்ககால நாட்காட்டிகள் பெரும்பாலும் அவர் கையால் வரைந்த படங்களையே தாங்கி வந்தன. பிரிட்டனில் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் அந்தப் பத்தாண்டில் வெளியிட்ட நாட்காட்டிகளுக்காக அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவற்றுக்கு எச். இ. ரிடெட் என்பவர் வண்ணம் சேர்த்தார். நாட்காட்டிகளில் சிதறிக் கிடந்த இந்தப் படங்களை ஒன்று திரட்டி, மகன் கிறிஸ்டோபர் டோல்கீனின் குறிப்புகளோடு 1979இல் ஒரு நூலாகவே கொண்டுவந்தார்கள். சுவரில் மாட்டப்பட்ட தாள்கள் நூலகத்துக்குள் நுழைந்த அரிய நிகழ்வு அது.

டோல்கீனைத் தேர்ந்த ஓவியர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. மனித உருவங்கள் தமக்குச் சரியாக வருவதில்லை என்பதை அவரே அறிந்திருந்தார். ஆனால் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதைக்கு முந்தைய ‘த ஹாபிட்’ கதைக்காக அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்களில், ஹாபிட்டன் ஊரைக் காட்டும் படத்தை ஒரு மாதம் சுவரில் வைத்துப் பார்த்தவர்கள் என்னோடு சேர்ந்து அவருக்காக வாதாடுவார்கள். கீழே நீராலை, அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து குன்றின்மேல் ஏறுகிறது, குன்றின் மார்பில் வட்டக் கதவுகள். உருவங்களின் நாடகம் ஏதும் இல்லாத அந்தப் படத்தில் கண் தானாகவே பாதையைப் பிடித்துக்கொண்டு மேலே நடக்கிறது, மறுநாளும் நடக்கிறது. நாட்காட்டிக்கு ஏற்ற ஓவியம் எது என்று என்னைக் கேட்டால், பார்த்த உடனே தன்னை முழுவதும் கொடுத்துவிடாத ஓவியம் என்று சொல்லி இதைத்தான் காட்டுவேன்.

1975ஆம் ஆண்டு நாட்காட்டியை டிம் கிர்க் என்ற இளம் ஓவியர் வரைந்தார். அதன் பின்புறத்தில், இனிவரும் நாட்காட்டிகளுக்கு ஓவியர்கள் தம் படைப்புகளை அனுப்பலாம் என்ற அழைப்பு இருந்தது. அந்த நாட்காட்டி டிம் ஹில்டெபிராண்டுக்கு அவருடைய மனைவி கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசாக வந்து சேர்ந்தது. அழைப்பைப் படித்த சகோதரர்கள் இருவரும் ஏராளமான முன்வரைவுகளை உருவாக்கி, பெரிய பிளாஸ்டிக் குப்பைப் பைகளில் போட்டுக்கொண்டு பதிப்பகத்துக்குச் சென்றார்கள் என்பது ரசிகர்களிடையே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. 1976, 1977, 1978 ஆகிய மூன்று ஆண்டுகளின் நாட்காட்டிகளும் அவர்களுடையவை ஆயின. அவற்றுள் 1978ஆம் ஆண்டினது மட்டும் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கூறப்படுகிறது. நண்பர்களையும் உறவினர்களையும் வேடமிட்டு நிற்கவைத்து, அவர்களைப் புகைப்படமெடுத்து, அதைப் பார்த்து அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டுவது அவர்கள் வழக்கம். அதனால்தான் அவர்களுடைய ஹாபிட்டுகள் என்னும் குறுமனிதர்களின் முகத்தில் நாம் எங்கோ தெருவில் பார்த்தவர்களின் சாயல் தெரிகிறது. துணியின் மடிப்புகளுக்கு எடை உண்டு. விளக்கொளி விழும் கன்னத்தில் உண்மையாகவே வெப்பம் இருப்பதுபோல் தோன்றும். ஒளியை அவர்கள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறார்கள் என்ற குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன், பன்னிரண்டு மாதங்களுக்குப் பிறகு கண் சற்றே நிழலை விரும்பத் தொடங்கியதும் உண்மை. எனினும், முன்னர் இந்தக் கதையை வாசித்திராத எத்தனையோ பேர் சுவரில் பார்த்த படத்தின் வழியே நூலுக்குள் வந்தார்கள் என்றால் அதில் இந்தச் சகோதரர்களின் பங்கு பெரிது. டிம் 2006இலும் கிரெக் 2024இலும் காலமானார்கள்.

இந்த மூன்று நாட்காட்டிகளின் முழுப் பிரதி கிடைப்பது கடினம். 1977ஆம் ஆண்டினதை நான் முதலில் வாங்கியபோது, இரண்டு மாதத் தாள்கள் கத்தியால் நேர்த்தியாக வெட்டி எடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்து வருந்தினேன். விற்றவர் அதைச் சொல்லவில்லை. வெட்டியவர் அந்தப் படங்களைச் சட்டமிட்டு வைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை. படத்தின் மீதுள்ள அன்பால் செய்த செயல் என்பதும் புரிகிறது. ஆனால் கீழே இருக்கும் தேதிக் கட்டங்களிலிருந்து அறுக்கப்பட்ட படம் தன் மாதத்தை இழந்துவிடுகிறது. மாதத்தை இழப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, இந்தக் கதைகளுக்குள் காலம் எவ்வளவு துல்லியமாக ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

டோல்கீன் தேதிகளின் மீது அபாரமான அக்கறை கொண்டவர். கதைநாயகர்களான ஹாபிட்டுகள் பில்போவும் ஃபுரோடோவும் பிறந்தது செப்டம்பர் 22. ஃபுரோடோ வீட்டை விட்டுப் புறப்படுவது அதற்கு மறுநாள். வெதர்டாப் குன்றில் அவன் குத்துப்படுவது அக்டோபர் 6. ரிவெண்டெல்லில் எல்ராண்டின் அவை கூடுவது அக்டோபர் 25. ஒன்பதின்மர் பயணம் தொடங்குவது டிசம்பர் 25. மோரியாவின் பாலத்திலிருந்து காண்டால்ஃப் வீழ்வது ஜனவரி 15. பெலன்னோர் வெளியில் போர் நடப்பது மார்ச் 15. மோதிரம் எரிமலைக்குள் அழிவது மார்ச் 25. நூலின் பின்னிணைப்பில் இவை அனைத்தும் ஆண்டு வரிசையில் கிடைக்கின்றன. ஆகவே ஜனவரித் தாளில் கராத்ராஸ் மலையின் பனிப்புயலோ மோரியாவின் இருளோ இருந்தால், கதையில் வரும் பயணிகள் நம்மோடு அதே மாதத்தில் நடக்கிறார்கள். ஜூலையில் பனிப்புயலை அச்சிட்ட நாட்காட்டியைப் பார்க்கும்போது, பதிப்பாளர் படங்களைக் கண்ணால் அடுக்கினாரே தவிர நூலால் அடுக்கவில்லை என்று எனக்கு மனத்தாங்கல் ஏற்படுகிறது.

அடுக்குபவருக்கு ஓர் உண்மையான சிக்கல் இருப்பதையும் மறுக்க முடியாது. பெருங்கதையின் ஆபத்துகள் அனைத்தும் செப்டம்பர் இறுதியிலிருந்து மார்ச் இறுதிக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. மே முதல் நாள் முடிசூட்டு விழா, ஆண்டின் நடுநாளில் திருமணம் என்று கோடைக்காலம் அமைதியில் கழிகிறது. அமைதியை ஓவியமாக விற்பது எளிதன்று. இதற்கான தீர்வை நான் பல நாள்கள் தேடினேன். கடைசியில் அது ‘த ஹாபிட்’ நூலிலேயே இருந்தது. பில்போவின் பயணம் ஏப்ரல் இறுதியில் தொடங்குகிறது. ஜூன் மாதத்தில் அவன் ரிவெண்டெல்லில் இருக்கிறான். கோடையின் நடுவில் மலைகளைக் கடந்து கழுகுகளின் கூட்டுக்குச் செல்கிறான். பீப்பாய்களோடு மிதந்து ஏரிநகரை அவன் அடைந்த நாளும் தன் பிறந்தநாளான செப்டம்பர் 22 என்று பிற்காலத்தில் அவனே விருந்தில் சொல்கிறான். இலையுதிர் காலத்தின் கடைசி நிலவில் மலையின் கதவு திறக்கிறது. டோல்கீன் அந்த நூலுக்குத் தீட்டிய ஐந்து நீர்வண்ணப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹாபிட்டன் குன்று, ரிவெண்டெல் பள்ளத்தாக்கு, கதிரவன் கண்ணில் பட்டு பில்போ கழுகின் அருகே விழிப்பது, பீப்பாய்கள் ஆற்றில் மிதந்து வருவது, பொற்குவியலின் மேல் ஸ்மாக் என்னும் டிராகன். ஏப்ரல், ஜூன், ஜூலை, செப்டம்பர், இலையுதிர் காலத்தின் இறுதி என்று அவை தாமாகவே வந்து அமர்கின்றன. ஒரு கதை விட்டுவைத்த வெற்று மாதங்களை இன்னொரு கதை நிரப்புகிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்ட இரவில் தாளில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டு, எனக்கான நாட்காட்டியை வடிவமைத்துப் பார்த்தேன்.

ஷயர் என்னும் நாட்டில் வாழும் ஹாபிட்டுகளின் நாட்காட்டியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு எல்லா மாதங்களும் 30 நாள்கள் கொண்டவை. மீதமுள்ள ஐந்து நாள்களில் இரண்டு ஆண்டின் சந்திப்பிலும் மூன்று நடுவிலும் மாதங்களுக்கு வெளியே நிற்கின்றன. ஆண்டின் நடுநாளுக்குக் கிழமையே கிடையாது. லீப் ஆண்டில் கூடுதலாக வரும் நாளுக்கும் கிழமை இல்லை. இதன் விளைவாக ஒவ்வோர் ஆண்டும் சனிக்கிழமையில் தொடங்கி வெள்ளிக்கிழமையில் முடிகிறது, ஒருமுறை அச்சிட்ட நாட்காட்டி என்றென்றைக்கும் செல்லுபடியாகிறது. எந்த மாதமும் வெள்ளிக்கிழமையில் தொடங்குவதில்லை என்பதால், ஒருபோதும் வராத நாளைக் குறிக்க ‘வெள்ளிக்கிழமை ஒன்றாம் தேதி’ என்று அவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம். நம்முடைய புத்தாண்டு நாள் ஏறத்தாழ அவர்களின் ஜனவரி 9ஆம் தேதிக்கு ஈடாகும் என்றும் நூலின் இன்னொரு பின்னிணைப்பில் ஆசிரியர் கணக்கிடுகிறார். ஒரு நாட்காட்டியையே கதைக்குள் புனைந்தவரின் கதைக்கு நாட்காட்டிகள் அமைந்தது இயல்பாகவே நடந்தது என்றுதான் தோன்றுகிறது.

1980களின் பிற்பகுதியிலிருந்து மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: டெட் நாஸ்மித், ஜான் ஹவ், ஆலன் லீ. கனடாவைச் சேர்ந்த நாஸ்மித் கட்டடங்களின் முன்தோற்றங்களை வரையும் தொழிலில் இருந்தவர், அந்தப் பயிற்சி அவர் தீட்டும் கோட்டைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் தெரிகிறது. இளைஞராக இருந்தபோது தம் ஓவியங்களின் புகைப்படங்களை டோல்கீனுக்கு அனுப்பி, அவரிடமிருந்து பாராட்டும், பில்போ சற்றுக் குழந்தை போலிருக்கிறான் என்ற திருத்தமும் பெற்றவர் அவர். பரந்த நிலத்தின் ஒரு மூலையில் மிகச் சிறிய உருவங்களை வைப்பது அவர் பாணி. முப்பது நாள் பார்வைக்கு இதைவிடத் தோதான பாணியை நான் கண்டதில்லை. ஹவ் இடைக்காலப் போர்க்கருவிகளை நன்கு அறிந்தவர். மழையில், கையில் கோலோடு, நீண்ட எட்டு வைத்து நடந்து வரும் அவருடைய காண்டால்ஃபைப் பார்க்காத வாசகர் அரிது. லீயின் நீர்வண்ணங்களில் மூடுபனியும் ஈரமும் மிகுதி; அவர் காட்டுவதைவிட மறைப்பது அதிகம் என்பதால், வாசகரின் மனச்சித்திரத்துக்கு மிகவும் மரியாதை செய்பவர் அவரே என்பது என் எண்ணம். லீயும் ஹவும் பிறகு பீட்டர் ஜாக்சனின் திரைப்படங்களுக்குக் காட்சி வடிவமைப்பாளர்களாகச் சென்றார்கள். 2001ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகெங்கும் பலரது மனத்தில் பதிந்த ரிவெண்டெல், அதற்கு முன்பே நாட்காட்டி வாசகர்களுக்கு அறிமுகமானவர்களின் கைவண்ணத்தில் பிறந்தது.

திரைப்படம் வந்த பிறகு ஓர் இழப்பும் நேர்ந்தது. நடிகர்களின் முகங்கள் கதைமாந்தர்களின் முகங்களாக நிலைபெற்றுவிட்டதால், அவற்றிலிருந்து விலகி வரையும் ஓவியரை வாசகர்கள் ‘இது அவரைப் போல் இல்லையே’ என்று குறைகூறத் தொடங்கினார்கள். இந்தச் சூழலில் 2011, 2012 ஆகிய ஆண்டுகளின் நாட்காட்டிகளுக்கு கோர் பிளோக் என்ற டச்சு ஓவியரைப் பதிப்பகத்தார் தேர்ந்தெடுத்ததைத் துணிவான செயல் என்றே மதிக்கிறேன். முகக்குறிகள் அற்ற எளிய உருவங்கள், பின்னணியே இல்லாத வெளி, பழங்காலத் திரைச்சீலைகளில் பார்ப்பது போன்ற வரிசை. கோபமடைந்த வாசகர்கள் பலர். ஆனால் அந்த ஓவியங்கள் 1958க்கும் 1962க்கும் இடையில் தீட்டப்பட்டவை. பிளோக்கைச் சந்தித்த டோல்கீன் அவற்றில் இரண்டைத் தமக்கென வாங்கிக்கொண்டார். ஓவியங்களை ஐயத்தோடு அணுகிய ஆசிரியருக்குப் பிடித்தது, முகத்தையே வரையாமல் விட்ட ஓவியம். 2016இல் ஃபின்லாந்து ஓவியர் டூவே யான்சன் ஸ்வீடிஷ் பதிப்புக்காக வரைந்த ‘த ஹாபிட்’ படங்கள் நாட்காட்டியாக வந்ததும் இதே வரிசையில் சேரும்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடருக்கும் ஆண்டுதோறும் ஓர் ஓவியர் என்ற முறையில் நாட்காட்டிகள் வந்தன. 2011இல் நாஸ்மித்தும் 2012இல் ஜான் பிக்காசியோவும் 2016இல் மகாலி வில்நவ்வும் வரைந்தார்கள். அவற்றுள் சில என்னிடமும் உண்டு. அந்தக் கதையில் பருவங்கள் பல ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், படத்துக்கும் மாதத்துக்கும் இடையிலான உறவை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஓவியங்கள் சிறப்பானவை என்றாலும் நான் டோல்கீன் நாட்காட்டிகளிடமே திரும்பிவருவதற்கு இதுவே காரணம்.

பழைய நாட்காட்டிகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அவற்றை மாட்டுவதில்லை. ஆணித்துளை சற்று விரிந்தாலும், ஒரு கட்டத்தில் எழுத்து விழுந்தாலும் மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். நேரடி வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நானும் கடைப்பிடிக்கிறேன், ஏனெனில் பழைய அச்சு மை விரைவில் வெளிறுகிறது. அதற்கு மேல் அஞ்சுவதில்லை. நம்முடைய கிரிகோரியன் முறையில் பதினான்கு வகை ஆண்டுகள்தாம் இருக்கின்றன: ஏழு கிழமைகளில் தொடங்கும் சாதாரண ஆண்டுகள் ஏழு, லீப் ஆண்டுகள் ஏழு. சாதாரண ஆண்டின் நாட்காட்டி ஆறு அல்லது பதினோரு ஆண்டுகளில் திரும்ப வந்துவிடும். 1977ஆம் ஆண்டினது 2022இலும் பொருந்தியது. லீப் ஆண்டுக்குத்தான் 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்: 1976ஆம் ஆண்டின் நாட்காட்டி 2004இல் ஒருமுறை உயிர்பெற்றது, இனி 2032இல்.

2026ஆம் ஆண்டுக்கு 1987, 1998, 2009, 2015 ஆகிய ஆண்டுகளின் நாட்காட்டிகள் பொருந்தும். நான் தேர்ந்தெடுத்திருப்பது 2015ஐ. அதை வரைந்தவர் மேரி ஃபேர்பர்ன். 1968இல் அவர் தம் ஓவியங்களை டோல்கீனுக்கு அனுப்பினார். அவை அருமையானவை என்று டோல்கீன் மறுமொழி எழுதினார். ஓவியங்களோடு கூடிய ஒரு பதிப்பைப் பற்றிக்கூட அவர் எண்ணிப்பார்த்தார். பதிப்பு வரவில்லை. ஆசிரியரின் பாராட்டைப் பெற்ற அந்த ஓவியங்கள் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் உலகின் பார்வைக்கு வராமலே இருந்து, கடைசியில் ஒரு சுவர் நாட்காட்டியாகத்தான் வெளிவந்தன. அதன் மார்ச் 25 புதன்கிழமை. அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சிறு நட்சத்திரம் வரைந்து வைத்திருக்கிறேன்.